டவரை நம்பாதவன் டவர் பேய்க்கதை எழுதலாமா?

#1 நிழல்வாசி

திகில் கதைகள் எழுதுகிறேன். இப்போது கையிலிருக்கும் கதையில் ஒரு குடியிருப்புக்கு நடுவே புது செல்போன் டவர் முளைக்கிறது. முதலில் அக்கம்பக்கத்தாருக்குத் தலைவலி, பிறகு தூக்கம் போகிறது, அப்புறம் காதுக்குள் குரல் கேட்கத் தொடங்குகிறது. பாதி எழுதியாகிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

செல்போன் கதிர்வீச்சால் மூளையில் கட்டி வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. படிக்கப்போகிறவர்களில் பலருக்கு அந்தப் பயம் உண்டு. என் கதை அந்தப் பயத்தை வைத்துத்தான் ஓடுகிறது. பேய்க்கதை படித்துவிட்டு யாரும் பேயை அடிக்கக் கிளம்புவதில்லை. டவர் விஷயம் அப்படியில்லை. 2020 ஏப்ரலில், 5ஜிதான் கொரோனாவுக்குக் காரணம் என்று நம்பி பிரிட்டனில் டவர்களைக் கொளுத்தினார்கள். கேபிள் வேலைக்குப் போன தொழிலாளர்களைத் தெருவில் மறித்து ஏசினார்கள். அப்படி ஏச்சு வாங்கிய ஒருவர் என் கதையைப் படித்தால் என்ன நினைப்பார்?

இந்தப் பயம் எங்கே தொடங்கியது, அறிவியல் இன்று என்ன சொல்கிறது, திகில் படைப்புகள் இதை எப்படி எடுத்துக்கொண்டன என்று விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள். கதையை எப்படிக் கொண்டுபோவது என்று அதற்கப்புறம் முடிவு செய்கிறேன்.

#2 அலைவரிசை

ரேடியோ நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பகுதியைச் சொல்கிறேன்.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கில் தெருவில் நின்றபடி மார்ட்டின் கூப்பர் முதல் செல்போன் அழைப்பைச் செய்தார். அந்தக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைத் தலையோடு ஒட்டி வைப்பதால் ஆபத்து உண்டா என்ற கேள்வி வீடுகளுக்குள் நுழைய இருபது வருடம் ஆனது. 1993 ஜனவரியில் லாரி கிங்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஒருவர் வந்தார். தன் மனைவி மூளைக் கட்டியால் இறந்ததற்கு அவர் பயன்படுத்திய செல்போனே காரணம் என்றார். அடுத்த சில நாட்களில் செல்போன் நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. அவர் போட்ட வழக்கு, ஆதாரம் போதாது என்று 1995ல் தள்ளுபடியானது. நிகழ்ச்சி நினைவில் நின்ற அளவுக்குத் தீர்ப்பு நிற்கவில்லை.

இயற்பியல் பக்கம் சுருக்கமாக. எக்ஸ்-ரே போன்றவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும். டிஎன்ஏ அதனால் சேதமாகலாம். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். போன் பயன்படுத்தும் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அளவைக் கூட்டினால் சூடு கூடும், பிய்க்கும் வேலை நடக்காது. அந்தச் சூட்டுக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள்: தலையின் திசு ஒரு கிலோவுக்கு உறிஞ்சுவது அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 1.6 வாட், ஐரோப்பாவில் 2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. வரம்பு காகிதத்தோடு நிற்பதும் இல்லை. 2023ல் ஐபோன் 12 கையோடு ஒட்டியிருக்கும் நிலையில், கைகால்களுக்கென்று தனியாக உள்ள 4 வாட் வரம்பைத் தாண்டி 5.74 காட்டுகிறது என்று பிரான்ஸ் அதன் விற்பனையையே நிறுத்தியது. மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார்கள்.

உங்கள் கதைக்கு உதவக்கூடிய ஒன்று: பயப்படுபவர்கள் டவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள், உடம்புக்கு அதிகம் கிடைப்பதோ கையிலிருக்கும் போனிலிருந்து. தூரம் இரட்டித்தால் அலையின் வலு நான்கில் ஒன்றாகிவிடும். சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு கத்தும், அருகில் டவர் இருந்தால் மெதுவாகப் பேசும். எங்கள் வீட்டுப் பக்கம் டவர் வேண்டாம் என்று விரட்டிவிட்டுப் போனை மட்டும் வைத்துக்கொள்பவர் தலைக்கு வாங்கிக்கொள்வது கூடத்தான் செய்யும்.

#3 தென்றல்

அலைவரிசை, எண்களில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்று 2011ல் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்புதானே? வாட்ஸ்அப் வதந்தி இல்லையே. எலிகளுக்குக் கட்டி வந்தது என்று அமெரிக்க அரசு ஆய்வே சொல்லவில்லையா? பயப்படுகிறவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர், என் அத்தை, வைஃபை இருக்கும் அறையில் உட்கார மாட்டார். கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொள்வார். ராத்திரியில் போனை எவர்சில்வர் டப்பாவுக்குள் போட்டு மூடி, மேலே மடித்த துண்டை வைத்து, சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் படுப்பார். ஒருநாள் நடுச்சாமத்தில் அந்த டப்பாவுக்குள்ளிருந்து போன் அடித்தது. எழுந்து வந்து அதைப் பார்த்தபடி நின்றார், திறக்கவில்லை. அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

#4 அலைவரிசை

யாரையும் முட்டாள் என்று சொல்ல மாட்டேன் தென்றல். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

2011 மே மாதம் பிரான்ஸின் லியோனில் கூடிய அந்த அமைப்பின் குழு ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தது. சான்று குறைவு, ஆனால் கதவை மூட முடியாது என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில் இருக்கிறது. அப்போது அவர்கள் கையில் இருந்த முக்கியச் சான்றுகளில் ஒன்று 13 நாடுகளில் நடந்த இன்டர்ஃபோன் ஆய்வு, 2010ல் வெளிவந்தது. மிக அதிகம் பேசிய பத்து சதவீதத்தினரிடம் ஒரு வகை மூளைக் கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தில் சிலர் தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினேன் என்று பதில் எழுதியவர்கள். நோய் வந்தவர் பழையதை நினைவுபடுத்திச் சொல்லும் கணக்கு எப்போதும் ஒரு பக்கம் சாயும். மற்ற பயனாளிகளிடம் அபாயம் கூடவே இல்லை. டென்மார்க்கில் சந்தா விவரத்தை நேரடியாக எடுத்து 3,58,403 பேரைத் தொடர்ந்தார்கள், தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. 2024ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மூளைப் புற்றுக்கும் போனுக்கும் தொடர்பில்லை என்பதே முடிவு.

எலி ஆய்வு 2018ல் முடிந்தது. தினமும் ஒன்பது மணி நேரம், இரண்டு வருடம், உடல் முழுக்க அலை. ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் வந்தன, உண்மைதான். அலை பட்ட ஆண் எலிகள், அலை படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்ததும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதி பலர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

டப்பா விஷயம்: மூடியின் இடுக்கு வழியாக அலை போகும், அதனால் அடித்திருக்கிறது. மூடிய டப்பாவில் போன் இன்னும் சிரமப்பட்டுக் கத்தும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். அத்தைக்குப் போனை அணைத்து வைப்பதுதான் நல்லது.

#5 மருந்துச்சீட்டு

மருத்துவத் துறையில் இருக்கிறேன். தென்றலின் அத்தையைப் போன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வலி உண்மை. காரணம் எது என்பதில்தான் கேள்வி.

அலை உணர்திறன் இருப்பதாகச் சொல்பவர்களை அறையில் உட்காரவைத்து, கருவி ஓடுகிறதா இல்லையா என்று அவருக்கும் சொல்லாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் செய்த சோதனைகள் நிறைய உண்டு. 2010 வரை நடந்த 46 சோதனைகளை, 1,175 பேரை, ஒன்றாகத் தொகுத்தார்கள். அலை இருக்கும்போது ஒரு விதமாகவும் இல்லாதபோது வேறு விதமாகவும் உடம்பு நடந்துகொண்டதாக உறுதியான சான்று இல்லை. கருவி ஓடுகிறது என்று நம்பியபோது வலி வந்தது.

இந்த இழைக்கு நேரடியாகப் பொருந்துவது 2013ல் வந்த ஒரு ஆய்வு. 147 பேரில் ஒரு பாதிக்கு வைஃபை ஆபத்து பற்றிய பிபிசி செய்திப்படத்தைக் காட்டினார்கள், மறுபாதிக்கு வேறு படம். பிறகு எல்லோரையும் கால் மணி நேரம் "வைஃபை" முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கே அலையே கிடையாது, எல்லாம் பொய். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு உபாதையைச் சொன்னார்கள். இயல்பிலேயே பதற்றம் அதிகமுள்ளவர்களில், ஆபத்துப் படத்தைப் பார்த்தவர்களுக்கு உபாதை கூடுதல். இரண்டு பேர் தாங்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

நிழல்வாசி, உங்கள் கேள்விக்கு இது ஒரு பதில். கதை உடம்புக்குள் போகும். இதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

#6 கடைசிபெஞ்ச்

போனால் ஆள் சாவது பற்றிப் பேசுகிறோம் என்றால், வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசுபவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. அதைப் பற்றி யாரும் பேய்க்கதை எழுதுவதில்லை. தெரிந்த ஆபத்து நம்மை மிரட்டுவதில்லை போலிருக்கிறது.

#7 பழையபுத்தகம்

திகில் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த உறவு செல்போனைவிட ரொம்ப வயதானது.

1844ல் மோர்ஸின் தந்தி ஓடத் தொடங்கியது. நான்கே வருடத்தில், 1848ல், நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் செத்தவர்கள் சுவரைத் தட்டிப் பேசுகிறார்கள் என்றார்கள். தட்டுவதும் எழுத்தாக மாற்றுவதும் அப்படியே தந்தி முறை. தொலைபேசி வந்தபோது கிரகாம் பெல்லின் உதவியாளர் தாமஸ் வாட்சன் ராத்திரிகளில் ஆளில்லாத லைனில் காதை வைத்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். வேறு கிரகத்திலிருந்து வரும் சிக்னலோ என்று யோசித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். எடிசன் 1920ல் கொடுத்த பேட்டியில், இறந்தவர்கள் தொடர்புகொள்ள விரும்பினால் உதவும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். உடம்பில்லாத குரல் காதில் விழுந்த நாளிலிருந்தே கருவிக்குள் பேய் இருந்தது. நோய் பிறகு வந்து சேர்ந்தது.

இப்போது படைப்புகள். 1998ல் வந்த ஜப்பானியப் படம் ரிங்குவில் வீடியோவைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். 2001ல் கியோஷி குரோசாவாவின் கைரோவில் செத்தவர்கள் உலகம் நிரம்பி வழிந்து இணையம் வழியாக இங்கே வருகிறார்கள். 2003ல் தகாஷி மீகே எடுத்த படத்தில் உங்கள் எண்ணிலிருந்தே உங்களுக்கு அழைப்பு வரும், தேதி நாளையோ மறுநாளோ; நீங்கள் சாகும்போது போடப்போகும் சத்தம் அதில் பதிவாகியிருக்கும். மூன்றையும் மறுபடி பாருங்கள். கதிர்வீச்சு என்று ஒரு வார்த்தை இல்லை. பயமுறுத்துவது அழைப்புதான். எங்கே இருந்தாலும், படுக்கையில் இருந்தாலும், யாரோ ஒருவரால் நம்மை எட்ட முடியும் என்பதுதான்.

ஸ்டீபன் கிங் 2006ல் எழுதிய செல் நாவல் ஒன்றுதான் பெரிய படைப்புகளில் மூளைக்கு நேராகப் போனது. அந்த நொடியில் போனைக் காதில் வைத்திருந்த எல்லோருடைய புத்தியும் ஒரே துடிப்பில் அழிந்துபோகிறது. நூலின் ஆசிரியர் குறிப்பில் தன்னிடம் செல்போன் இல்லை என்றே போட்டிருந்தார். முதல் அத்தியாயங்கள் பிரமாதம். என் கருத்தில், அந்தத் துடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்ததும் நாவல் இளைத்துவிடுகிறது. அலையை விளக்கினால் அது இயந்திரக் கோளாறு ஆகிவிடும். கோளாறைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாமே.

#8 இரவுப்பறவை

நம்மூர் 2.0 படத்தை விட்டுவிட்டீர்களே! 2018ல் அந்தப் படம் வெளிவருவதற்கு முன்பே தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. பறவைகளுக்காகப் பேச அந்த ஒரு படமாவது வந்தது. சிட்டுக்குருவி காணாமல் போனது பொய்யா?

#9 அலைவரிசை

குருவி குறைந்தது பொய்யில்லை. டவர் காரணம் என்பதற்குத்தான் சான்று இல்லை. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியிலிருந்தே சிட்டுக்குருவி சரிந்துகொண்டு வருகிறது, அப்போது அங்கே செல்போன் டவரே கிடையாது. கூடு கட்ட இடம், குஞ்சுக்குப் பூச்சி, இந்த இரண்டையும் நாம் பிடுங்கியதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபின் பறவைகள் திசை தெரியாமல் தடுமாறின. மரக் கூண்டறைகளுக்கு அலுமினியத் தகடு அடித்து, அதைத் தரையோடு இணைத்ததும் திசை திரும்பக் கிடைத்தது. இணைப்பைக் கழற்றினால் மறுபடி தடுமாற்றம். 2014ல் நேச்சர் இதழில் வந்தது. தொந்தரவு கொடுத்தது 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரைச்சல், அதாவது ஏஎம் ரேடியோவும் மின்கருவிகளும் போடும் சத்தம். செல்போன் அலைவரிசை அதற்கு ரொம்ப மேலே. நிஜ உலகம் படத்தைவிட விசித்திரமானது, குற்றவாளி மட்டும் வேறு.

#10 இரவுப்பறவை

அலுமினியத் தகடு விஷயம் தெரியாது. நன்றி. இருந்தாலும் அந்தப் படத்தில் பறவைகளுக்காக அலைந்து, யாரும் காது கொடுக்காமல், டவரிலேயே தூக்கில் தொங்கும் அந்த மனிதர்தான் என் மனசில் நிற்கிறார். அறிவியல் தவறாக இருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்ற அந்தத் துக்கம் தவறில்லை.

#11 மருந்துச்சீட்டு

இரவுப்பறவை சொன்னது முக்கியம். இந்தப் பயத்தின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதுதான்: என்னைக் கேட்காமல் என் வீட்டு எதிரே ஒன்றை நட்டுவிட்டார்கள்.

இன்னொரு வகைக் கதையும் உண்டு, வாய்வழியாகவே ஓடியது. 2004ல் நைஜீரியாவில் குறிப்பிட்ட சில எண்களிலிருந்து வரும் அழைப்பை எடுத்தால் செத்துவிடுவீர்கள் என்று வதந்தி கிளம்பியது. 2007 ஏப்ரலில் பாகிஸ்தானில் அதே கதை, திரையில் சிவப்பாக எண் தோன்றும் என்று. தொலைத்தொடர்பு ஆணையமே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. இதைச் சிலர் சூனியம் என்றார்கள், சிலர் அதிக அலைவரிசையில் வரும் வைரஸ் என்றார்கள். பேயும் கதிர்வீச்சும் ஒரே குறுஞ்செய்தியில் ஒன்றாகப் பயணம் செய்திருக்கின்றன.

#12 பழையபுத்தகம்

நிழல்வாசி, உங்கள் கதையின் கரு நிஜத்திலேயே நடந்திருக்கிறது, தெரியுமா? ஜோகன்னஸ்பர்க் பக்கம் கிரெய்கவன் என்ற குடியிருப்பில் 2009ல் ஒரு டவர் வந்தது. தோல் தடிப்பு, தலைவலி, தூக்கமின்மை என்று மக்கள் புகார் செய்தார்கள். வெளியூர் போனால் சரியாகிறது, திரும்பினால் வருகிறது என்றார்கள். நவம்பரில் நிறுவனத்தோடு கூட்டம் நடந்தது. அப்போதும் உபாதை தொடர்வதாகச் சொன்னார்கள். பிறகுதான் நிறுவனம் வெளியிட்டது: அக்டோபர் தொடக்கத்திலேயே டவரை அணைத்துவிட்டோம், ஆறு வாரமாக அதிலிருந்து எதுவும் வரவில்லை.

#13 நிழல்வாசி

இதைப் படித்ததும் எழுதியிருந்த பாதியை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். அணைத்த டவர்! குரல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இப்போதுதான் பயமாக இருக்கிறது.

#14 தென்றல்

ஒரு நிமிடம். இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கடைசி வரியில் அந்த மக்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் நிறுவனத்தை எதிர்த்துத் தொடர்ந்து நின்றவர்கள். அவர்களிடம் சொல்லாமல் அணைத்து, ஆறு வாரம் அவர்களைக் கவனித்து, சரியான நேரத்தில் அதை எடுத்து வீசியது யார்? நீங்கள் எழுதினால் அந்த ஆளைப் பற்றியும் எழுதுங்கள். டவர் அணைந்திருப்பது தெரிந்தும் கூட்டத்தில் உட்கார்ந்து, ஒரு பெண் தன் கையில் தடிப்பைத் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன். என் அத்தையை டாக்டர்கள் பார்த்த பார்வை அது. "எல்லாம் உங்கள் மனசுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். தலைவலிக்கு மருந்துகூட எழுதித் தரவில்லை.

#15 மருந்துச்சீட்டு

தென்றல், அது தவறான வைத்தியம். காரணம் அலை இல்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: ஒற்றைத் தலைவலி, தூக்கக் கோளாறு, பதற்றம், கண். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. அத்தையை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். வைஃபை பற்றி வாதம் செய்யாமல் வலியைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள்.

#16 நிழல்வாசி

கதை இனி அந்த ஆளின் பார்வையில் நடக்கும். நிறுவனத்தின் பொறியாளன். டவர் அணைந்திருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து உபாதையைச் சொல்லச் சொல்ல அவன் குறிப்பேட்டில் எழுதுகிறான். பிறகு அவனுக்கும் தலை வலிக்க ஆரம்பிக்கிறது. அவனால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அலையால் யாருக்கும் எதுவும் ஆனதாக ஒரு வரிகூட இருக்காது, டவரைக் கொளுத்த வாசகருக்கு ஒரு தீக்குச்சிகூட நான் தர மாட்டேன். என்ன இருக்கிறது அங்கே என்று விளக்கவும் போவதில்லை, பழையபுத்தகம் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன்.

தென்றல், டப்பாவுக்குள் போன் அடிக்கும் காட்சியை உங்கள் அத்தையின் அனுமதி கிடைத்தால் பயன்படுத்தலாமா? கிடைக்காவிட்டால் தொட மாட்டேன்.

#17 தென்றல்

கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அவர் சம்மதித்தால் ஒரு நிபந்தனை: கதையில் அந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்லக் கூடாது.

#18 அலைவரிசை

கதைக்குத் தேவையான நடைமுறை விவரம் ஒன்று. ரேடியோவை மட்டும் அணைத்தால் டவர் செத்துப்போனது போல இருக்காது. உச்சியில் விமானங்களுக்கான சிவப்பு விளக்கு எரியும். அடியில் இருக்கும் கேபினெட்டுக்குள் பேட்டரியும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்றால் அந்த உறுமல் கேட்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் பொறியாளனுக்குத் தெரிவதுகூட அலுவலகத் திரையில் அந்த டவரின் கட்டம் சாம்பல் நிறத்தில் இருப்பதை வைத்துத்தான். வேறு ஏதாவது வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள்.